கயிறு கை மாறும் நேரம்

மாட்டுச் சந்தையில் விலை பேசுகிற விதம் தெற்கத்திக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துண்டுக்கு அடியில் இரண்டு கைகள் விரல் பிடித்துப் பேசும். விலை படிந்ததும் துண்டு விலகும், நோட்டு எண்ணப்படும். எண்ணிய பணம் விற்றவரின் மடிக்குப் போன பிறகுதான் மாட்டின் கயிறு வாங்கியவரின் கைக்கு வரும். பொருள், பணம், உரிமை மூன்றும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், நாலு பேர் பார்க்கக் கை மாறின. அந்த வியாபாரத்தில் விலையில் ஏமாந்தவர்கள் உண்டு, மாட்டின் பல்லைச் சரியாகப் பார்க்காமல் ஏமாந்தவர்களும் உண்டு. பணமே வராமல் மாட்டைப் பறிகொடுத்து நின்றவர் அரிது.

இன்று அப்படி மாடு விற்ற சம்சாரியின் பேரன் தன் பைக்கை விற்கப் போனில் படம் போடுகிறான். வாங்குகிறவர் யாரென்று தெரியாது. பணம் ஒரு நேரத்தில், வண்டி ஒரு நேரத்தில், ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றம் பல மாதம் கழித்து இன்னொரு நேரத்தில் நடக்கிறது. சில வேளை நடக்காமலே போகிறது. இணையத்தில் வண்டி விற்கப் போய் ஏமாந்தவர்களின் கதைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், எல்லா மோசடியும் இந்த மூன்றுக்கும் நடுவே விழுந்த இடைவெளியில்தான் நடந்திருக்கிறது.

உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் இடையே, குமுளிக்குப் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது அனுமந்தன்பட்டி பேரூராட்சி. கம்பம் பள்ளத்தாக்கின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் வண்டி இல்லாமல் நாள் நகராது. தோட்டத்துக்குப் போக டூவீலர் வேண்டும். பன்னீர் திராட்சையும் வாழைத்தாரும் ஏற்றக் குட்டியானை வேண்டும். விடியற்காலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டும் குமுளியும் ஏறுகிற ஜீப்புகளை நம்பிப் பல குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு வண்டி இங்கே போக்குவரத்துக்கு மட்டும் ஆனதல்ல, வீட்டின் சேமிப்பும் அதுதான். கல்லூரிக் கட்டணம், ஆஸ்பத்திரிச் செலவு, திராட்சைக்கு மருந்தடித்த கடன் என்று எது வந்தாலும் நகைக்கு அடுத்தபடி விலைபோவது வண்டி. முன்பெல்லாம் மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும், அல்லது தெரிந்த புரோக்கர் ஒருவர் ஆள் கூட்டி வருவார். இப்போது ஓ.எல்.எக்ஸ்., ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், வாட்ஸ்அப் குழுக்கள். அவசரத்துக்கு விற்கிறவர்தான் அதிகம் ஏமாறுகிறார். அந்த அவசரம், ‘உடனே தேவை, விலை பேசலாம்’ என்ற விளம்பர வாசகத்திலேயே தெரிந்துவிடுகிறது.

வாங்குகிறவன்தான் ஏமாறுவான் என்பது பழைய நினைப்பு. மீட்டரைத் திருப்பி வைத்திருப்பார்கள், என்ஜின் தேய்ந்திருக்கும், திருட்டு வண்டியாக இருக்கும் என்றெல்லாம் வாங்குகிறவர் பயப்படுவார். விற்கிறவருக்கு அந்தப் பயம் இல்லை. ‘நம்ம பணம் ஒன்றும் போகப் போவதில்லை, வரத்தானே போகிறது’ என்று அவர் நிம்மதியாக இருக்கிறார். மோசடிக்காரன் நுழைவது அந்த நிம்மதி வழியாகத்தான்.

முதல் வகை, பணம் அனுப்புவதாகச் சொல்லிப் பணத்தை எடுப்பது. விளம்பரம் போட்ட கொஞ்ச நேரத்தில் போன் வரும். குரலில் இந்தி கலந்திருக்கும், மரியாதை கூடுதலாக இருக்கும். ராணுவத்தில் இருப்பதாக, அல்லது மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையில் இருப்பதாகச் சொல்வான். சீருடையில் ஒரு படம், அடையாள அட்டை, கேன்டீன் அட்டை எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து விழும். வண்டியைப் பார்க்கவே வேண்டாம், கேட்ட விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்பான். பேரம் பேசாத வாங்குகிறவன் கம்பம் பள்ளத்தாக்கில் எங்கே இருக்கிறான்? அந்த இடத்திலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் ராணுவம் என்ற சொல்லுக்கு நம் ஊர்களில் இருக்கிற மதிப்பு பெரிது. பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்கள் நிறைந்த மாவட்டங்கள் இவை. அந்த மதிப்பைத்தான் அவன் திருடுகிறான்.

பிறகு ஒரு சின்னத் தொகை வரும், பத்து ரூபாயோ ஐந்து ரூபாயோ. ‘கணக்கு சரியா என்று பார்த்தேன், மீதியும் இதே மாதிரி வரும்’ என்பான். அடுத்து ஒரு க்யூ.ஆர். கோடு வரும். அதை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் பணம் ஏறிவிடும் என்பான். விற்கிறவர் போடுவார், பணம் கழியும். ‘ஏதோ தப்பாகிவிட்டது, திருப்பி அனுப்புகிறேன், இன்னொரு கோடு போடுகிறேன்’ என்பான். போன பணத்தை மீட்கும் பதற்றத்தில் இரண்டாவது தடவையும் போடுவார்.

இது படிக்காதவர்களுக்கு மட்டும் நேர்வது என்று நினைத்தால் தவறு. 2021 பிப்ரவரியில், அப்போதைய டெல்லி முதல்வர் அரவிந்த் கேஜ்ரிவாலின் மகள் பழைய சோபா ஒன்றை ஓ.எல்.எக்ஸ்.-இல் விற்க விளம்பரம் போட்டார். இதே வரிசையில் எல்லாம் நடந்தது. முதலில் சின்னத் தொகை வந்தது, பின் க்யூ.ஆர். கோடு வந்தது, முதலில் 20,000 ரூபாய் போனது, அதைத் திருப்பித் தருவதாகச் சொல்லி மேலும் 14,000 ரூபாய் போனது. பிறகு டெல்லி காவல்துறை மூன்று பேரைக் கைது செய்தது. நன்றாகப் படித்த, தலைநகரில் முதல்வர் வீட்டில் வளர்ந்த ஒருவருக்கே இது நடந்திருக்கிறது என்றால், அனுமந்தன்பட்டியில் ஏமாந்தவர் தன்னை முட்டாள் என்று திட்டிக்கொள்ள ஒரு காரணமும் இல்லை.

யூ.பி.ஐ. முறை 2016-இல் வந்தது. ஆண்டுகள் பல ஆகிவிட்டன. டீக்கடை முதல் இளநீர் வண்டி வரை க்யூ.ஆர். அட்டை தொங்குகிறது. இருந்தும் அதன் ஒரே ஒரு அடிப்படை விதி இன்னும் எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. பின் நம்பர் என்பது பணம் கொடுக்கத்தான், பணம் வாங்க அல்ல. பணம் வாங்க எதையும் ஸ்கேன் செய்ய வேண்டாம், எதையும் அழுத்த வேண்டாம், எந்த நம்பரையும் போட வேண்டாம். தூங்கிக்கொண்டிருந்தாலும் பணம் வந்து சேரும். வீட்டில் சாவி கொடுத்தால்தான் கதவு திறக்கும் என்பது போல, பின் போட்டால் திறப்பது நம் பெட்டிதான், அடுத்தவன் பெட்டி அல்ல.

அரசும் வங்கிகளும் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ‘இவ்வளவு பணம் கேட்கிறார், கொடுக்கிறீர்களா?’ என்று செயலியில் வருகிற கோரிக்கையைப் பணம் வரும் அறிவிப்பு என்று நம்பவைத்து ஏமாற்றுவது பெருகியதால், தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் அப்படிப் பணம் கேட்கும் வசதியையே தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. இது பெரிய கதவு ஒன்றை அடைத்த முடிவு. வியாபாரக் கணக்குகளுக்கு அந்த வசதி இன்னும் உண்டு. க்யூ.ஆர். கோடும் இருக்கிறது. ஆகவே ஏமாற்று வித்தை ஒழியவில்லை, பாதை மாறியிருக்கிறது.

மாறிய பாதைகளில் ஒன்று, வராத பணத்தை வந்ததாகக் காட்டுவது. போன்பே, பேடிஎம் போலவே தோற்றமளிக்கிற போலிச் செயலிகள் உண்டு. எந்தப் பெயரையும் எந்தத் தொகையையும் அடித்தால் பச்சை டிக்கோடு ‘வெற்றி’ என்று திரை வரும். வாங்குகிறவர் தன் போனைத் திருப்பிக் காட்டுவார். வண்டியின் சாவி அவர் கையில் ஏற்கெனவே இருக்கும். இல்லையென்றால், வங்கியிலிருந்து வந்தது போல ஒரு குறுஞ்செய்தி வரும். உண்மையான வங்கிச் செய்தி பத்து இலக்கக் கைபேசி எண்ணிலிருந்து வராது, வங்கியின் பெயரைக் குறிக்கும் எழுத்துகளோடுதான் வரும். ஆனால் அதைக்கூடப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அடுத்தவர் திரையும் குறுஞ்செய்தியும் சாட்சி ஆகாது. தன் வங்கிச் செயலியைத் தானே திறந்து, இருப்புத் தொகை ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது ஒன்றுதான் சாட்சி. ‘சர்வர் பிசி, அரை மணி நேரத்தில் ஏறிவிடும்’ என்றால், அரை மணி நேரம் இருவரும் டீக்கடையில் உட்கார்ந்திருக்கலாம். வண்டியும் அங்கேயே நிற்கட்டும்.

இவற்றையெல்லாம் தெரிந்துவைத்திருக்கிற, பின் நம்பரை ஒருபோதும் போடாத, எச்சரிக்கையான மனிதரும் மாட்டிக்கொள்கிற ஒரு வலை இருக்கிறது. மூன்று முனைகள் கொண்ட வலை அது. பெரிய வண்டிகளை விற்பவர்கள் இதைத்தான் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஒருவர் தன் பொலிரோவை நான்கு லட்சத்துக்கு விளம்பரப்படுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் போன் செய்கிறான். நல்ல தமிழ் பேசுகிறான். “அண்ணே, வண்டி எனக்கில்ல, நம்ம மச்சானுக்கு. அவரு நேர்ல வந்து பார்ப்பாரு. அவருக்கு நான் கொஞ்சம் பணம் தரணும், அதுல கழிச்சுக்கிறோம். அதனால அவர்ட்ட விலை பத்தி மட்டும் வாயைத் திறந்துராதீங்க. உங்க நாலு லட்சம் நான் போட்டு விட்டுர்றேன்” என்கிறான். படங்களையும் ஆர்.சி. நகலையும் கேட்டு வாங்கிக்கொள்கிறான். அதே படங்களைப் போட்டு, அதே பொலிரோவை மூன்று லட்சத்துக்கு வேறொரு விளம்பரமாகக் கொடுக்கிறான். குறைந்த விலையைப் பார்த்து மதுரையிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ நிஜமாகவே ஒரு ஆள் கூப்பிடுகிறார். அவரிடம் இவன் சொல்வது: “வண்டி எங்க அண்ணன் பேர்ல இருக்கு. நான் வெளியூர்ல இருக்கேன். போய்ப் பாருங்க. அவரு கொஞ்சம் கோவக்காரரு, விலையை அவர்ட்ட பேசாதீங்க, எங்க குடும்பத்துக்குள்ள ஒரு கணக்கு இருக்கு.”

அந்த ஆள் அனுமந்தன்பட்டிக்கு வருகிறார். வண்டியைச் சுற்றிப் பார்க்கிறார், ஓட்டிப் பார்க்கிறார், பிடித்திருக்கிறது. இருவரும் நல்லவர்கள். இருவரும் வாக்குக் கொடுத்திருப்பதால் விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. வந்தவர் மூன்று லட்சத்தை நடுவில் இருப்பவன் சொன்ன கணக்குக்கு அனுப்புகிறார். அனுப்பியதும் சாவியைக் கேட்கிறார். விற்பவர் தன் கணக்கைப் பார்க்கிறார், ஒரு ரூபாயும் வரவில்லை. அந்த நேரத்தில் நடுவிலிருந்தவனின் போன் அணைந்திருக்கும். எதிரெதிரே நிற்கிற இரண்டு நேர்மையான மனிதர்களும் ஒருவரையொருவர் திருடன் என்று நினைத்துச் சட்டையைப் பிடிக்கிற நிலை வருகிறது. காவல் நிலையத்துக்குப் போனால் இருவர் பேரிலும் சந்தேகம் விழும். விற்றவர் ‘பணம் வந்துவிடும்’ என்ற நம்பிக்கையில் சாவியைக் கொடுத்திருந்தால் வண்டியும் போய்விடும்.

இந்த வலையை அறுக்க ஒரே ஒரு வாக்கியம் போதும். வந்தவரிடம் நேராக, “நீங்க எம்புட்டுக்குப் பேசியிருக்கீங்க? யார் கணக்குக்குப் போடப் போறீங்க?” என்று கேட்பதுதான் அது. விலையை மறைக்கச் சொல்கிற எவனும் அந்த வியாபாரத்தில் இருக்கக் கூடாதவன். துண்டுக்கு அடியில் விரல் பிடித்த காலத்திலும் விலை மற்றவர்களுக்குத்தான் மறைவு. வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் நடுவே ஒருநாளும் மறைவாக இருந்ததில்லை.

வாங்க வருபவரைக் காப்பாற்ற ஒரு வசதியும் அண்மையில் வந்திருக்கிறது. யூ.பி.ஐ.-யில் பணம் அனுப்பும்போது, போனில் சேமித்துவைத்த பெயர் அல்ல, வங்கியில் பதிவான பெயரைத்தான் செயலி காட்ட வேண்டும் என்ற விதி 2025 ஜூன் 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் வழி அனுப்புவோரும் பெறுபவரின் பெயரைச் சரிபார்க்க அதே ஆண்டு ஏப்ரல் முதல் வசதி உண்டு. திரையில் வரும் பெயரும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பெயரும் ஒன்றா என்று இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தால், நடுவில் இருப்பவனுக்கு இடமே இல்லை.

இதே காரணத்தால்தான் ஆர்.சி. புத்தகத்தையும் ஆதாரையும் படம் எடுத்து முன்பின் தெரியாதவருக்கு அனுப்புவது ஆபத்து. ஒருவருடைய ஆவணம், இன்னொருவரை ஏமாற்றுவதற்கான தூண்டில் ஆகிவிடும். விளம்பரப் படத்தில் நம்பர் பிளேட்டை மறைத்துப் போடுவது நல்லது. ஆவணங்களை நேரில் வருபவருக்குக் காட்டலாம்.

கடல் கடந்தும் இதே கதைதான், உடை மட்டும் வேறு. அமெரிக்காவிலும் கனடாவிலும் குடியேறிய தமிழர்கள் காரை விற்கும்போது வரும் பழைய மோசடி, கூடுதல் தொகைக்கு வரும் காசோலை. பத்தாயிரம் டாலர் காருக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு வங்கிக் காசோலை வரும். ‘மீதி இரண்டாயிரத்தை வண்டி ஏற்றிப் போகிறவருக்கு அனுப்பிவிடுங்கள்’ என்று கேட்பார்கள். அங்கே வங்கி காசோலையைப் போட்ட ஓரிரு நாளில் பணத்தை எடுக்க விட்டுவிடும். காசோலை போலி என்று தெரியப் பல நாள் ஆகும். அதற்குள் சொந்தப் பணம் இரண்டாயிரம் போயிருக்கும். 2018-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் இன்னொரு வகையையும் எச்சரித்தது. வாங்குவதாகச் சொல்கிறவர், குறிப்பிட்ட ஓர் இணையதளத்தில் வண்டியின் வரலாற்று அறிக்கையைக் காசு கொடுத்து எடுத்துத் தரச் சொல்வார். அந்தத் தளமே அவர்களுடையது. இங்கே அதற்கு உறவுமுறை என்று சொல்லத்தக்கது, ‘உங்கள் வண்டிக்குப் போக்குவரத்து அபராதம் பாக்கி’ என்று எம்பரிவாகன் பெயரில் வாட்ஸ்அப்பில் சுற்றுகிற ஏ.பி.கே. கோப்பு. அதைத் தொட்டால் போன் முழுவதும் அவர்கள் கைக்குப் போய்விடும். அபராதம் உண்டா என்று பார்க்க அரசின் பரிவாகன் தளம் போதும்.

நம் நாட்டில் காசோலையின் சிக்கல் வேறு. செக் திரும்பினால் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு இருக்கிறது, உண்மைதான். ஆனால் வங்கி தகவல் சொன்ன 30 நாளுக்குள் நோட்டீஸ், பிறகு 15 நாள் அவகாசம், அதன் பின் நீதிமன்றம், வாய்தா. வண்டி அதற்குள் எந்த மாநிலத்தில் ஓடிக்கொண்டிருக்கிறதோ. டிமாண்ட் டிராஃப்டும் போலியாக வரலாம். எழுதித் தந்த வங்கிக் கிளையைக் கேட்காமல் அதை நம்பக் கூடாது. செக்கோ டிராஃப்டோ, பணம் கணக்கில் ஏறும் வரை வண்டி நம் வாசலில் நிற்க வேண்டும்.

அப்படியானால் பணத்தை எப்படித்தான் வாங்குவது? இருவரும் வங்கிக் கிளையில் சந்திப்பதைப் போல நிம்மதியான வழி வேறில்லை. தனிநபருக்கு யூ.பி.ஐ.-யில் ஒரு நாளைக்குப் பொதுவாக ஒரு லட்சம்தான் அனுப்பலாம். டூவீலருக்கு அது போதும். காருக்கும் ஜீப்புக்கும் நெஃப்ட், அல்லது இரண்டு லட்சத்துக்கு மேல் என்றால் ஆர்.டி.ஜி.எஸ். இரண்டும் இப்போது இரவு பகல், ஞாயிறு திங்கள் பார்க்காமல் இயங்குகின்றன. ‘நாளைக்கு பேங்க் லீவு, இன்றைக்கு வண்டியைக் கொடுங்கள்’ என்ற சாக்கு 2020 டிசம்பரோடு செத்துப்போனது. ரொக்கமாகத் தருகிறேன் என்றால் வங்கிக் கவுண்டரிலேயே எண்ணிக் கணக்கில் போடச் சொல்லலாம், கள்ளநோட்டுப் பயமும் தீரும். ஆனால் ஒரு விற்பனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2017 ஏப்ரல் முதல் தடுத்திருக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். தண்டனை பணத்தை வாங்கியவருக்கு, அதாவது வண்டியை விற்றவருக்கு. ‘ரெண்டே முக்கால், மொத்தமும் கையில’ என்று பேசி முடிக்கிறவர்களில் பலருக்கு இது தெரியாது.

ஓட்டிப் பார்க்கிறேன் என்று வண்டியோடு மறைகிறவர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பின்னால் ஒருவர் ஏறி உட்கார வேண்டும், அல்லது வந்தவரின் அசல் ஓட்டுநர் உரிமம் கையில் இருக்க வேண்டும். அவர் விட்டுப்போகிற பழைய பைக்கைப் பிணையாக நம்பக் கூடாது, அதுவும் திருட்டு வண்டியாக இருக்கலாம்.

பணம் வந்துவிட்டது, வண்டியும் போய்விட்டது. விற்றவர் நிம்மதியாகப் படுக்கலாமா? கயிறு இன்னும் கை மாறவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். இதை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 6 அன்று நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் அழுத்தமாகச் சொன்னது. அந்த வழக்கில் சிக்கிய காரின் உரிமையாளர் அதை 2007-இல் விற்றுவிட்டார். அது மேலும் சில கைகள் மாறியது. 2009 மே மாதம் விபத்து நடந்து உயிர் போனது. அத்தனை கை மாறியும் பதிவேட்டில் பெயர் மட்டும் மாறவே இல்லை. இழப்பீட்டுக்குப் பொறுப்பு பதிவேட்டில் உள்ளவருக்கே என்று தீர்ப்பானது. விபத்தில் பாதிக்கப்பட்டவர் யார் யாருக்கு விற்றார் என்று கை கையாகத் தேடிக்கொண்டு அலைய முடியாது என்பது நீதிமன்றம் காட்டிய நியாயம். நியாயம்தான். ஆனால் இரண்டு வருடம் முன்பே வண்டியை விற்றுவிட்டு மறந்தவரின் தலையில் அது இடியாக விழுந்திருக்கும்.

ஏலத்தோட்ட ஜீப்பை விற்கிறவர்கள் இதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டும். மலைப்பாதையில் ஆள் ஏற்றிப் போகிற வண்டி அது. விபத்து என்றால் ஒரு உயிரோடு நிற்காது.

சட்டம் சொல்லும் வழி எளியது. விற்றவர், அதே மாநிலத்தில் என்றால் 14 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்குப் படிவம் 29. வாங்கியவர் 30 நாளுக்குள் படிவம் 30-ஓடு விண்ணப்பிக்க வேண்டும். வண்டியின் மேல் கடன் இருந்து கட்டி முடித்திருந்தால் பைனான்ஸ்காரரிடம் படிவம் 35 வாங்கி, ஆர்.சி.-யில் உள்ள அந்தக் குறிப்பை நீக்க வேண்டும். குமுளிக்கு அந்தப் பக்கம் இருக்கிற கேரளத்துக்காரருக்கு விற்றால் படிவம் 28, அதாவது என்.ஓ.சி. தேவை. எல்லை கூப்பிடு தூரம்தான். ஆனாலும் சட்டத்துக்கு அது வேறு மாநிலம். அனுமந்தன்பட்டிக்காரருக்கு இதற்காகத் தேனி வரை போகவும் வேண்டியதில்லை, உத்தமபாளையத்திலேயே போக்குவரத்துப் பகுதி அலுவலகம் இருக்கிறது.

நம் ஊர்களில் நடப்பது வேறு. புரோக்கர் 29, 30 இரண்டையும் வெற்றுப் படிவமாக நீட்டுவார், விற்கிறவர் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடுவார். வாங்கியவர் பெயர் காலியாக இருக்கும். அந்தக் காகிதத்தோடு வண்டி மூன்று கை மாறும். நாளைக்கு அது கஞ்சா கடத்தலில் பிடிபட்டாலும் முதல் போன் பழைய உரிமையாளருக்குத்தான் வரும். புரோக்கர்களை மொத்தமாகக் குறை சொல்வது நியாயமில்லை. நாணயமாகத் தொழில் செய்கிற பலர் இந்தப் பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள். பழைய வண்டி வாங்கி விற்கும் கடைகள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும், வண்டியைப் பெற்றுக்கொண்டதை இணையவழி பதிவு செய்ய வேண்டும், அன்று முதல் அந்த வண்டிக்கு அவர்களே பொறுப்பு என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. கடைக்கு விற்கிறவர் அந்த அங்கீகாரச் சான்றைக் கேட்பது அவமரியாதை அல்ல.

எந்த வழியில் விற்றாலும், வாங்கியவரின் பெயர், முகவரி, வண்டி கைமாறிய தேதி, மணி, கிலோமீட்டர் எல்லாம் எழுதிய டெலிவரி நோட் ஒன்றில் இருவர் கையெழுத்தும் இருக்க வேண்டும். மணி முக்கியம். மாலை ஐந்து மணிக்குக் கொடுத்த வண்டி ஆறு மணிக்கு யாரையாவது இடித்தால், அந்த ஒரு வரிதான் பேசும். காரில் ஒட்டியிருக்கிற ஃபாஸ்டேகையும் மறக்கக் கூடாது. அது விற்றவரின் பெயரிலும் கணக்கிலும் இருப்பது. அதை மூடாவிட்டால் புதியவர் போகிற சுங்கச்சாவடிக்கெல்லாம் பழையவர் காசு கொடுத்துக்கொண்டிருப்பார்.

இத்தனைக்குப் பிறகும் பணம் போய்விட்டால்?

உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தந்த கணக்குப்படி, 2024-இல் இணையவழி மோசடிகளில் இந்தியர்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய். அதற்கு முந்தைய ஆண்டு 7,465 கோடி. ஒரே வருடத்தில் மூன்று மடங்கு. தமிழ்நாட்டின் இழப்பு மட்டும் 2024-இல் சுமார் 1,673 கோடி. அதில் 771 கோடி அளவுக்கு வங்கிகளில் முடக்கப்பட்டது. உரியவர்களிடம் திரும்பிச் சேர்ந்தது 83 கோடி. பங்குச்சந்தை முதலீடு, ‘டிஜிட்டல் கைது’ போன்ற பெரிய மோசடிகள் எல்லாம் சேர்ந்த கணக்கு இது. வண்டி விற்பவர்களின் இழப்பு இதில் சிறு பங்குதான். ஆனால் முடக்கிய தொகைக்கும் திரும்பி வந்த தொகைக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தால், போன பணத்தைத் துரத்துவது எவ்வளவு கடினம் என்று தெரியும். பின் நம்பரைத் தானே போட்டவருக்கு வங்கி பொறுப்பேற்பதும் இல்லை. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணம், புகார் செய்யும் நிமிடம் வரை அவருடைய இழப்பு என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி.

ஆகவே நிமிடம்தான் முக்கியம். 1930 என்ற எண்ணை உடனே கூப்பிட வேண்டும். 2021-இல் 155260 என்ற எண்ணில் தொடங்கிய உதவி மையம் இது. பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்கும், அங்கிருந்து பத்துக் கணக்குகளுக்கும் பிரிந்து ஓடும். ஏ.டி.எம்.மில் எடுக்கப்படுவதற்குள் வழியில் எங்காவது மறித்தால் மிஞ்சும். கூப்பிடும்போது பரிவர்த்தனையின் 12 இலக்க எண், நேரம், தொகை, ஏமாற்றியவனின் போன் எண் கையில் இருக்க வேண்டும். போனில் உள்ள உரையாடலைக் கோபத்தில் அழித்துவிடக் கூடாது. சைபர் கிரைம் இணையதளத்திலும் புகாரைப் பதியலாம். சந்தேகப்படும் போன் எண் ஏற்கெனவே புகாரில் சிக்கியதா என்று அதே தளத்தில் முன்கூட்டியே தேடிப் பார்க்கவும் வசதி இருக்கிறது. தேனியில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம் செயல்படுகிறது. வேறொருவரின் பெயரை அணிந்து இணையவழி ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு.

ஐயாயிரம், பத்தாயிரம் போனவர்களில் பலர் வெளியே சொல்வதில்லை. வீட்டில் திட்டுவார்கள், ஊரில் சிரிப்பார்கள், ராஜஸ்தானில் இருக்கிறவனைத் தேனி போலீஸ் எங்கே போய்ப் பிடிக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் பிடித்திருக்கிறார்கள். 2020-இல் சென்னைக் காவல்துறையின் தனிப்படை ராஜஸ்தானின் பரத்பூர் மாவட்டம் வரை போய், ராணுவ வீரர் வேடமிட்டு ஓ.எல்.எக்ஸ். விளம்பரங்களில் ஏமாற்றிய இருவரைக் கைது செய்து வந்தது. 2023 ஏப்ரல் இறுதியில் ஹரியானாவின் நூ மாவட்டத்தில் சுமார் 5,000 போலீசார் 14 கிராமங்களை ஒரே இரவில் சுற்றி வளைத்தார்கள். அங்கே பிடிபட்டவர்களின் போன்களையும் சிம்களையும் வங்கிக் கணக்குகளையும் நாடு முழுவதிலும் இருந்து பதிவான புகார்களோடு ஒப்பிட்டபோது, சுமார் 28,000 பேரிடம் 100 கோடி ரூபாய் அளவுக்கு ஏமாற்றியது தெரிந்தது.

அந்த 28,000 பேரும் சின்னத் தொகையாயிற்றே என்று விடாமல் புகார் கொடுத்தவர்கள். அதனால்தான் ஒரு சிம் கார்டை எத்தனையோ குடும்பங்களின் இழப்போடு சேர்த்துக் கட்ட முடிந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் யாருக்காவது இப்படி நேர்ந்திருந்தால், போனது ஐந்நூறு ரூபாயாக இருந்தாலும் 1930-ஐக் கூப்பிடுங்கள். கூப்பிடத் தயங்குகிற அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும், திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே அந்த எண்ணை அழுத்திக் கொடுங்கள்.